ஆட்டுக்கால் சூப்பும் மணல் பையும்

தேவாரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே ஆட்டுக்கால் வேகிற வாசனை வந்தால், அது எங்கள் வீடுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஏலத்தோட்டத்தில் நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழித்தபோது என் கணவர் கால் தவறி விழுந்துவிட்டார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பிறகு தொடையும் கெண்டைக்காலும் நாளுக்கு நாள் சூம்பிக்கொண்டே வந்தன.

"காலுக்குக் கால்தான் மருந்து. விடாமக் குடு தாயி" என்றார்கள் என் அத்தை. நானும் கொடுத்தேன். போதாததற்கு மத்தியானம் நெய் விட்டுச் சோறு, சாயங்காலம் சத்துப் பவுடர் கலந்த பால். மூன்று மாதத்தில் கால் இன்னும் மெலிந்தது. தொந்திதான் முன்னே வந்து நின்றது!

தேனியில் பிசியோதெரபி பார்க்கும் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவரைக் கட்டில்லேருந்து தூக்கறது யாரும்மா?" என்று கேட்டார்.

"நானும் கொழுந்தனும்."

"அப்போ உங்க முதுகையும், இவர் தோளையும் நினைச்சுக்கிட்டுச் சமைங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாகத்தான் தசைக்குப் போகிறது. அந்த வழி அறுந்துவிட்டால் தசைக்கு வேலை இல்லை; வேலை இல்லாத தசை கரையும். சூப்போ டானிக்கோ அதைத் திருப்பிக் கொண்டுவராது. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. அவை ஓய்ந்துவிட்டால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைந்துபோகிறது. மலையேறி வேலை செய்தவருக்குப் போட்ட அதே சோற்றைப் போட்டால் கொழுப்பாகத்தானே சேரும்? சர்க்கரை வியாதியும் சீக்கிரம் எட்டிப் பார்க்குமாம்.

சோற்றைக் குறைத்தேன். வீட்டில் புயல்தான். "படுத்த புள்ளைக்குச் சோத்தைக் குறைக்கிறாளே" என்று அத்தை வாசலில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு நாள் எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் குறைத்தது சோற்றையும் நெய்யையும்தான், புரதத்தை அல்ல. தினமும் இரண்டு முட்டை. அதிலேயே 12 கிராம் புரதம். கொள்ளோ பாசிப்பயறோ ஒரு வேளை. கிடைக்கிற நாளில் மீன், மற்ற நாளில் மோர். மலச்சிக்கல் இவர்களுக்குப் பெரிய தொந்தரவு என்பதால் கீரை, வாழைத்தண்டு, கேழ்வரகு. தண்ணீர் மட்டும் டாக்டர் சொன்ன அளவில், சிறுநீர்க் குழாய் போடும் நேரத்தை ஒட்டி. படுக்கைப் புண் வந்துவிட்டால் புரதம் இன்னும் அதிகம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கே வேறு. அதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

புண் என்றதும் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவர் தொடைக்கு ஒத்தடம் கொடுத்தேன். அவர் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்! ஆற இரண்டு மாதம் பிடித்தது. உணர்ச்சியில்லாத காலுக்குச் சூடு வேண்டவே வேண்டாம், சகோதரிகளே. எலும்பும் இளைத்துப்போவதால் ஓங்கி நீவுவதும், வெடுக்கென்று மடக்குவதும் ஆபத்து. காலையும் மாலையும் மெதுவாக மடக்கி நீட்டினால் மூட்டு இறுகாமல் இருக்கும். சில சமயம் கால் தானாகத் துள்ளும். "ஐயோ, உயிர் வந்திருச்சு" என்று நாங்கள் அழுதிருக்கிறோம். அது தசை இறுக்கம்தான்.

உண்மையான பயிற்சி தோளுக்கும் கைக்கும். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்த அம்மாதான் டாக்டர் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னார். 1954-ல் கார் விபத்தில் அவருக்கும் இதே கதிதான். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்! 1966-ல் வேலூரில் இப்படிப்பட்டவர்களுக்கென்று மறுவாழ்வு நிலையம் உண்டாகக் காரணமாக இருந்தவரும் அவரே. ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணனுக்கோ 1975-ல் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. கதை முடிந்ததும் இவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள், "அந்தப் பையைக் கொண்டா" என்றார்.

பை என்றால் பழைய சேலைத் துணியில் நான் தைத்து மணல் நிரப்பியது. ஆரம்பத்தில் அரைக் கிலோ. பழைய சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் கட்டி, தன் பக்கம் இழுப்பார். நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் தோளின் முன்பக்கமே உழைக்கிறது. பின்பக்கத்துக்கு இந்த இழுப்புத்தான் துணை. 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், வாரம் இரண்டு முறையாவது 20 நிமிஷம் மூச்சு வாங்கும்படியான பயிற்சியும், வேலை செய்கிற தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி மூன்று சுற்றும் வேண்டும் என்கிறார்கள். முடியாத காரியமா? நாற்காலியைத் தெருக்கோடி வரை வேகமாகத் தள்ளிப் போய் வந்தால் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் தோள் வலித்தால் அன்று ஓய்வு. இனி அவருக்குக் காலும் அந்தத் தோள்தானே!

போன மாதம் நான் குழாயடியில் நின்றிருந்தபோது, கட்டிலிலிருந்து பலகை வழியாகத் தானாகவே நாற்காலிக்கு நகர்ந்து, வாசலுக்கு வந்துவிட்டார். முதலில் பார்த்தது அத்தைதான். ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்த வாரம் ஒன்றரைக் கிலோ பை வேண்டுமாம். அத்தை தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.