எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்?

எங்கள் அடுக்ககத்தில் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்த ஊர், எங்கே வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளி. நான்காவதாக, மிக இயல்பாக, "மளிகையெல்லாம் எங்க வாங்கறீங்க?" என்பது வந்துவிடும். சாதியை நேராகக் கேட்பது நாகரிகமல்ல என்று ஆகிவிட்டது. சம்பளத்தைக் கேட்பது எப்போதுமே நாகரிகமாக இருந்ததில்லை. இந்த நான்காம் கேள்வி இரண்டின் வேலையையும் ஓரளவு பார்த்துவிடுகிறது. நெடுஞ்சாலையோரக் கண்ணாடிக் கட்டடத்தைச் சொன்னால் ஒரு தலையசைப்பு கிடைக்கும். ரயிலடிப் பக்கத்து மலிவு அங்காடி என்றால், "அங்க கூட்டமா இருக்குமே" என்று ஓர் இரக்கம். அண்ணாச்சி கடை என்று சொல்பவர்கள் இரண்டு வகை. வேறு வழியில்லாதவர்கள் ஒரு வகை, எல்லா வழிகளும் உள்ளவர்கள் மற்றொரு வகை. பின்னவர்களின் குரலில் மெல்லிய பெருமிதம் இருக்கும். 'கூட்டம்' என்பது இங்கே ஆட்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் சொல் அல்ல. எப்படிப்பட்ட ஆட்கள் என்பதைக் குறிக்கும் சொல்.

மறைமலை நகருக்கும் செங்கல்பட்டுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதி ஏரிகளும் வயல்களுமாக இருந்த நிலம். மறைமலை நகர் துணைநகராக எழுந்தது. 1999இல் ஃபோர்டு ஆலை வந்தது. 2002இல் பரனூரில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்ககங்களாயின. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமும் ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் ஒரே தெருவில் மூன்று விதமான வருமானங்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஊர்க்காரர்கள், ஆலைக்காரர்கள், கணினிக்காரர்கள். ஒருவரையொருவர் தெரியாத மனிதர்கள் இவ்வளவு நெருக்கமாக வாழ நேரும்போது, யார் யாரென்று அறிய வெளிப்படையான அடையாளங்கள் தேவைப்படுகின்றன. கடைப் பை அப்படியோர் அடையாளம்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி வண்டி வெளிவந்தது. அந்த ஆலையை மட்டுமல்ல, அதற்கு உதிரிபாகம் செய்த சிறு ஆலைகளையும் நம்பியிருந்த குடும்பங்கள் எங்கள் தெருவில் இருந்தன. அவற்றுள் ஒன்று, எங்களோடு மிகப் பழகிய வீடு, மளிகையை மலிவு அங்காடிக்கு மாற்றிக்கொண்டது. நியாயமான முடிவுதான், மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாயாவது மிச்சமாகியிருக்கும். ஆனால் அங்கே போய் வரும்போதெல்லாம் அந்த அம்மாளின் கையில் பழைய கண்ணாடிக் கட்டடத்தின் பைதான் இருந்தது. மடித்துக் கொண்டுபோய், பொருள்களை அதில் மாற்றிக்கொண்டு திரும்புவார். மின்தூக்கியில் பார்க்கிற எவருக்கும் ஒன்றும் மாறியிருக்காது. நாங்கள் அதைப்பற்றி அவரிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. வேலை போனதைச் சொல்லிக்கொள்ள முடிந்த ஒருவருக்குக் கடை மாறியதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை என்பது எங்களை வெகுநாள் தொந்தரவு செய்தது.

பையின் கதையே தனிக்கதை. மஞ்சள் துணிப்பை கல்யாண வீட்டில் தேங்காயும் தாம்பூலமும் வைத்துக் கொடுக்கிற மங்கலப் பொருளாக இருந்தது. அதே பை பேருந்தில் ஏறிப் பட்டணம் வந்து இறங்கியதும் வசைச் சொல்லாயிற்று. 'மஞ்சப்பை' என்றால் நாகரிகம் தெரியாதவன். பிறகு 2019 ஜனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. மறு ஆண்டு, நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் கோயம்பேடு சந்தைக்கு வந்தது. இப்போது எங்கள் வட்டாரத்தில் மஞ்சப்பை தூக்கினால் சூழலியல் ஆர்வலர் என்று பொருள் வரக்கூடும். யார் தூக்குகிறார் என்பதைப் பொறுத்தது அது. கார் சாவியோடு சேர்த்துத் தூக்கினால்தான் அந்தப் பொருள் வரும்.

சென்னையில் இந்த ஏற்றத்தாழ்வு முன்பே ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கிறது. 1996இல் ஃபுட்வேர்ல்ட் வந்தது. குளிரூட்டிய அறை, தள்ளுவண்டி, தாமே எடுத்துக்கொள்ளும் வசதி. 1997இல் சுபிக்ஷா வந்தது. குளிர்சாதனமும் அலங்காரமும் கிடையாது, விலை மட்டும் குறைவு. நாடெங்கும் சுமார் 1600 கடைகளாகப் பெருகி, 2009இல் கடன் சுமையில் மூழ்கிப்போனது. அதன் வீழ்ச்சிக்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு, அவை வேறு கதை. எங்களுக்கு நினைவிருப்பது, அங்கே வாங்கியவர்கள் அதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது. துவரம்பருப்பு என்னவோ எல்லா இடத்திலும் துவரம்பருப்புதான். சாம்பாரில் வெந்த பிறகு அது எந்தக் கடையிலிருந்து வந்தது என்று சொல்லும் நாக்கு இன்னும் பிறக்கவில்லை.

இலக்கிய நண்பர்கள் கூடும்போது பேச்சு எப்படியும் அண்ணாச்சி கடைக்கு வந்து சேரும். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்து, விடியுமுன் கடை திறந்து இரவு பதினோரு மணிக்குச் சாத்துகிறவர்களின் உழைப்பு; பெயர் தெரிந்து, வீடு தெரிந்து, மாதக் கடைசியில் முகம் வாடியிருப்பதும் தெரிந்து, கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் தருகிற மனம்; பிள்ளைகள் கையில் வைக்கும் கடலைமிட்டாய். பெரிய அங்காடிகள் இந்த உறவைக் கொன்றுவிட்டன என்று நண்பர்கள் வருந்துவார்கள். அந்த வருத்தத்தில் உண்மை இருக்கிறது. கொரோனா ஊரடங்கின் முதல் வாரங்களில் எங்கள் தெருவுக்கு அரிசி வந்தது அப்படியொரு நோட்டின் வழியாகத்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் வேலைக்கு உதவியாக இருக்கும் அம்மாள், ஏரிக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவர், மளிகைக்கடைப் பக்கமே போவதில்லை. கொஞ்சம் தள்ளியிருந்தாலும் மலிவு அங்காடிக்கு நடந்து போகிறார். ஏன் என்று கேட்டோம்.

"அங்க வெல எழுதி ஒட்டியிருக்காங்கம்மா. எனக்கு ஒரு வெல, உங்களுக்கு ஒரு வெல கெடையாது. கையில எடுத்துப் பார்க்கலாம். வேணாம்னா வச்சுட்டு வந்துடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பிறகு, பாத்திரம் தேய்த்தபடியே, சிறு வயதில் ஊர்க்கடையில் நின்றதைச் சொன்னார். ஊர்த்தெருக்காரர்கள் வாங்கி முடிக்கும் வரை ஓரமாக நிற்க வேண்டும். காசைப் பலகையில் வைக்க வேண்டும், கையில் கொடுக்கக் கூடாது. பொட்டலம் கைக்கு வராது, சற்றே மேலிருந்து விழும். அவருக்கு நினைவிருக்கும் உறவு அது. கடைக்காரருக்கு அவரையும் பெயர் தெரியும், வீடு தெரியும். தெரிந்ததுதான் சிக்கலே.

தெரியாமல் இருப்பதும் ஒரு விடுதலை என்பதை எங்களைப் போன்றவர்கள் எளிதில் உணர்வதில்லை. 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். ஆட்கூலி மிச்சம் என்பதுதான் அவருடைய கணக்கு. ஆனால் பலகைக்குப் பின்னால் நின்று யாருக்கு முதலில், யாருக்கு எந்தத் தரம் என்று முடிவு செய்த ஆள் அந்த ஏற்பாட்டில் மறைந்துபோனான். அதே நாட்டின் தென்மாநிலங்களில், உள்ளூர்க் கடைக்காரரின் தயவில் நின்ற கறுப்பின மக்களுக்குச் சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல் இதே விடுதலையைத் தந்தது என்று வரலாற்றாசிரியர் லூயிஸ் ஹைமன் 2018இல் சுட்டிக்காட்டினார். அஞ்சல் உறைக்குத் தோலின் நிறம் தெரியாது. விலைச்சீட்டுக்கும் அப்படித்தான்.

அங்காடி சமத்துவபுரம் ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. பலகை போன இடத்தில் வாசல் வந்திருக்கிறது. வாசலில் ஒரு காவலர். எங்கள் ரசீதில் பார்க்காமலே துளையிடுவார். அந்த அம்மாளின் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணுவார். இத்தனைக்கும் அவரும் அதே ஏரிக்கரைக்காரர். யாரை எண்ண வேண்டும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடலோரத்தில் இந்த வாசல் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். விடுமுறை நாள்களில் நாங்கள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவதுண்டு, முப்பது கிலோமீட்டருக்குள் உள்ள தொலைவு. ஒத்தவாடைத் தெருக் கடைகளில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக எப்போதோ வந்துவிட்ட பீநட் பட்டரும் ஓட்ஸும் செங்கல்பட்டுக் கடைகளுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையின் மாளிகை வீடுகளுக்கென்று எழுந்த அங்காடிகளில் மீன் பனிக்கட்டிமேல், மெல்லிய உறை சுற்றி, எடைச்சீட்டோடு படுத்திருக்கும். அதே மீனை அரை கிலோமீட்டருக்கு அப்பால், தேவனேரியிலோ வெண்புருஷத்திலோ, அலுமினியப் பாத்திரத்தில் வைத்து விற்கும் பெண்ணிடம் வாங்கினால் விலையும் குறைவு, மீனும் அன்று பிடித்தது. ஆனால் அவரிடம் பேச வேண்டும், பேரம் பேச வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். மீனிலும் மேல்கீழ் உண்டு. வஞ்சிரம் உறைக்குள் போகிறது. காரப்பொடியையும் மத்தியையும் உறையில் சுற்றிப் பார்த்ததில்லை. சத்தில் மத்தி எதற்கும் குறைந்ததல்ல என்று மருத்துவர்கள் சொல்லியும்.

2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தம்மைப் பந்தியில் உட்கார விடவில்லை என்று ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காணொளி மாநிலமெங்கும் பரவியது. அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவருடன் அமர்ந்து உண்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலின் அருகிலுள்ள பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணின் பக்கம்தான் பேசினார்கள், மனதாரத்தான் பேசினார்கள். அதே தீபாவளி வாரத்தில் எங்கள் வட்டாரத்து அங்காடி ஒன்றின் படிகளிலிருந்து பாசிமணி விற்பவர்களை எழுப்பி அனுப்பியபோது, தள்ளுவண்டிகளோடு வெளியே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க நேர்கிற கடை ஒன்று மிஞ்சியிருக்கிறது, நியாயவிலைக் கடை. அங்கும் அட்டைகளில் தரம் உண்டு. அரிசி வாங்கும் அட்டை, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை வாங்கும் அட்டை, எந்தப் பொருளும் வேண்டாத அட்டை. மூன்றாவதற்கு மக்கள் இட்ட பெயர் கௌரவ அட்டை. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 2019 நவம்பரில், சர்க்கரை அட்டைகளை அரிசி அட்டைகளாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பொங்கல் பரிசான ஆயிரம் ரூபாய் அரிசி அட்டைக்குத்தான் என்றும் தெரிந்திருந்தது. பல ஆண்டுகளாக ரேஷன் அரிசியின் வாடையைப் பற்றி மூக்கைச் சுளித்தவர்கள் சிலர் விண்ணப்பித்தார்கள். (அந்த அரிசியில்தான் இட்லி பூவாக வரும் என்பது அவர்கள் வீட்டு மாவுப் பாத்திரங்களுக்கு முன்பே தெரியும், வேலைக்காரப் பெண்களிடம் சொல்லி வாங்கிக்கொள்வார்கள்.)

அந்தப் பொங்கலுக்கு முந்தைய வாரம் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. எங்களுக்கு நான்கு பேர் முன்னால் எங்கள் அடுக்ககத்து மேல்தளத்து அம்மாள், முந்தானையால் வெயிலை மறைத்தபடி. அவருக்கும் முன்னால் எங்கள் வீட்டில் வேலை செய்பவர். திரும்பிப் பார்த்து, உண்மையான மகிழ்ச்சியோடுதான் கேட்டார்:

"நீங்களும் வந்துட்டீங்களாம்மா?"

"சும்மாதான். வாங்காம விட்டா கார்டு கட் பண்ணிடுவாங்களாமே."

"ஆமாமா, பண்ணிடுவாங்க" என்று சொல்லி, அவர் தமக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து நின்றார். அந்த அம்மாள் முன்னால் போய் நின்றுகொண்டார்.