லாக்கர் மேல் ஒட்டிய பெயர்... மைனர் லீக் பேஸ்பாலின் மறுபக்கம்!

ஆட்டம் முடிந்துவிட்டது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரசிகர்கள் கார்களை நோக்கி நடக்கிறார்கள். மைதானத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஆனால் உள்ளே, ஓர் அறையில் மட்டும் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவின் சிறு நகரங்களில் மைனர் லீக் பேஸ்பால் ஆட்டம் நடக்கும் இரவுகள் இப்படித்தான் முடிகின்றன. 'கிளப்பி'க்கு மட்டும் அப்போதும் பாதி வேலை மிச்சமிருக்கும்.

யார் இந்த கிளப்பி? வீரர்களின் உடைமாற்றும் அறைக்குப் பொறுப்பாளர். வீரர்கள் வருவதற்கு முன்பே வந்து, அவர்கள் போன பிறகே கிளம்புபவர். மண்ணில் சறுக்கி விழுந்து அழுக்கான சீருடைகளைத் துவைப்பது, ஷூக்களைத் துடைப்பது, சாப்பாட்டை எடுத்துவைப்பது எல்லாம் அவர் வேலைதான். புதிதாக வரும் வீரரின் பெயரை லாக்கர் மேல் ஒட்டுவதும், அனுப்பப்பட்டவரின் பெயரைப் பிரித்தெடுப்பதும்கூட அவர்தான்.

நான்கு படிகள்

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள். ஆக மொத்தம் 120. சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிகள். இவற்றில் ஏறித்தான் பெரும்பாலானோர் மேலே போக வேண்டும். பலர் பாதியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில், ஒரே அணியோடு ஆறு ஆட்டங்கள். திங்கள் விடுமுறை. அடுத்த ஊருக்கு பஸ்ஸில் போவதிலேயே அந்த விடுமுறையில் பாதி கரைந்துவிடும். மாலை 7 மணி ஆட்டத்துக்கு மதியமே மைதானத்தில் இருக்க வேண்டும். உடற்பயிற்சி, பந்துவீச்சு, பேட்டிங் பயிற்சி எல்லாம் முடிந்த பிறகுதான் ஆட்டமே ஆரம்பிக்கும்.

மழை வந்துவிட்டால் இன்னொரு காட்சி. டிக்கெட் விற்றவர், விளம்பரம் பிடிப்பவர், பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவர் என்று அலுவலகமே மைதானத்துக்குள் ஓடி, ராட்சத தார்ப்பாயை இழுத்து மூடும். சின்ன அணிகளில் 'இது என் வேலை இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது!

காற்றடைத்த மெத்தையும் கடன் அட்டையும்

வெளியே கைத்தட்டல், உள்ளே கணக்கு. 2022-ல் சிங்கிள் ஏ வீரருக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 11,000 டாலர்தான் கிடைத்தது. சீசன் இல்லாத மாதங்களில் சம்பளம் கிடையாது. ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு, காற்றடைத்த மெத்தையில் படுத்து, குளிர்காலத்தில் வேறு வேலை பார்த்து ஓட்டியவர்கள் ஏராளம். உள்ளூர்க் குடும்பங்கள் சிலருக்குத் தங்கள் வீட்டிலேயே அறை கொடுத்து, சாப்பாடும் போட்டன.

2014-ல் முன்னாள் வீரர்கள் சிலர் கோர்ட் படியேறினார்கள். 2022-ல் அந்த வழக்கு 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தங்குமிடம் தருவது அணிகளின் பொறுப்பு என்ற விதியும் அந்த ஆண்டில்தான் வந்தது. அதே ஆண்டு மைனர் லீக் வீரர்கள் யூனியனில் சேர்ந்தார்கள். 2023-ல் கையெழுத்தான ஒப்பந்தம், சிங்கிள் ஏ குறைந்தபட்சச் சம்பளத்தை 26,200 டாலராக உயர்த்தியது. அதே ஆண்டு மேஜர் லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். மேலே ஏறத் துடிப்பதற்குக் காரணம் கேட்கவா வேண்டும்?

சினிமா முடிந்த பிறகு...

இந்தப் படிகளில் இரண்டு இந்தியர்களும் ஏறிப் பார்த்தார்கள். உத்தரப்பிரதேசத்து இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்துகொண்டிருந்த இருவரும் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற டி.வி போட்டியில் கவனம் ஈர்த்து, 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். அவர்கள் கதை 2014-ல் டிஸ்னி படமானது. இசை, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

ஒப்பந்தம் கிடைத்ததோடு படம் முடிந்துவிடும். மைனர் லீக் வாழ்க்கை தொடங்கியதே அதற்குப் பிறகுதான். தினேஷை 2010-ல் அணி விடுவித்தது. ரிங்கு இன்னும் சில ஆண்டுகள் போராடினார். கைக்காயமும் அறுவை சிகிச்சையும் அவரை நிறுத்தின. மேஜர் லீக்கை எட்டாமலேயே, 2018-ல் டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்த மேடைக்கு மாறினார்.

'ரிலீஸ்' என்ற சொல் நம்மூரில் படம் வெளியாகும் கொண்டாட்டம். அங்கே அது மேனேஜர் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லும் செய்தி. பத்து வயதிலிருந்து கண்ட கனவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு, ஒரு பையில் அடங்கும் சாமான்கள், நண்பர்களோடு சின்ன அணைப்பு, ஊருக்கு டிக்கெட்.

மறுநாள் மதியம் கிளப்பி அந்த லாக்கரைத் துடைக்கிறார். பழைய பெயரைப் பிரித்துவிட்டுப் புதிய பெயரை நேராக ஒட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் உள்ளே வந்து, தன் பெயரைப் பார்த்ததும் போனை எடுத்துப் படம் பிடிக்கிறான். முதலில் அனுப்புவது அம்மாவுக்குத்தான்.