ஜன்னல் ஓரத்து விரிசல்

தாம்பரம் அருகே சேலையூரில் எங்கள் வீட்டின் தேக்கு ஜன்னல்களில் கிழக்கே பார்த்தவைதான் முதலில் விரிசல் விடும். வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அடிக்கும்போது சன்ஷேடு அதைத் தடுப்பதில்லை. 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்தன. வெள்ளம் எட்டாத எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த வழி, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மயிரிழை இடுக்கு.

மரம் மழையில் ஈரம் குடித்துப் பருக்கிறது, கத்திரி வெயிலில் காய்ந்து சுருங்குகிறது. சிமென்ட் பூச்சு அந்த அளவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. அதனால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது தீபாவளிக்குத்தான் உதவும். அடுத்த கோடையில் அதே இடத்தில் கோடு விழும்.

எங்கள் மேஸ்திரி பட்டியைத் தொடவே இல்லை. "மூடுறதுக்கு முன்னாடி நல்லா திறக்கணும் சார்" என்று உளியால் உதிர்ந்த பூச்சை எல்லாம் கொத்தி எடுத்தார். தூசியைத் துடைத்து, இடுக்கை வெயிலில் காயவிட்டார். பிறகு ஆசாரி வந்து சட்டத்தின் அடி மூலைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். தண்ணீர் தேங்குவது அங்கேதான். முனை மெத்தென்று இறங்கிய இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, தேக்குத் துண்டு சேர்த்துப் பிரைமர் அடித்தார். அந்த நிதானமான கைவேலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இடுக்கில் முதலில் ஃபோம் கயிறு, அதன்மேல் இழுபடும் சீலன்ட். கயிறு எதற்கென்றால், சீலன்ட் மரத்தையும் சுவரையும் மட்டும் பிடிக்க வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் நீளமுடியாமல் கிழிந்துவிடும். சாதாரண சிலிக்கானில் பெயின்ட் நிற்காது. பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

சன்ஷேடையும் அண்ணாந்து பாருங்கள். அடிப்பக்கத்தில் முன் ஓரமாக ஒரு காடி இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லையென்றால் பின்னால் ஓடிச் சுவரில் இறங்கும். ஜன்னலின் வெளித் திண்டும் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும்.

ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஓடும் விரிசல் வேறு விஷயம். அதற்கு அடிமண்ணும் காரணமாகலாம். பல்லாவரத்தில் அடியில் கெட்டிப் பாறை; பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய மனைகளில் களிமண். களிமண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி, அஸ்திவாரத்தையே அசைக்கும். அந்த விரிசல் அகலமாகிக்கொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடி கொஞ்சம் உளுத்ததற்காகத் தேக்குச் சட்டத்தைப் பெயர்த்துவிட்டு யுபிவிசி வைக்காதீர்கள். பழைய வீடுகளில் இருக்கும் முதிர்ந்த தேக்கு இன்று எளிதில் கிடைப்பதில்லை. வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈர மரத்தில் சீலன்ட் பிடிக்காது.