பள்ளிக்கூடம் இல்லாத முகாம்

விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றாலே நம்மவர் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. விண்கப்பலும் வேற்றுக்கிரகவாசியும் வாழ்க்கைப் பிரச்சினைகளிலிருந்து தப்பியோடும் மார்க்கங்கள் என்பது அவர்தம் வாதம். எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. ஆகவேதான் நீல் புளொம்காம்பின் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ என்ற படத்தை மிகுந்த எதிர்பார்ப்புடன் பார்த்தேன், பெரிதும் ஏமாந்தேன்.

ஹாலிவுட்டின் பெரிய கலையகங்களுக்கு வெளியே திரட்டிய பணத்தில், ஏறத்தாழ 30 மில்லியன் டாலர் செலவில், புகழ்பெற்ற நடிகர் எவருமின்றித் தென்னாபிரிக்காவில் எடுக்கப்பட்ட படம் அது. 1982இல் ஜொகன்னஸ்பேர்க் நகரின்மேல் ஒரு விண்கப்பல் வந்து நிற்கிறது. உள்ளே பசியால் வாடிய வேற்றுக்கிரகத்தார். அவர்களைக் கீழே இறக்கி, வேலிக்குள் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் நகரத்திலிருந்து தொலைவிலுள்ள இன்னொரு முகாமுக்குத் துரத்த ஏற்பாடாகிறது. கேப்டவுனின் ஆறாம் வட்டாரம் 1966இல் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டு, 60,000 மக்கள் வெளியேற்றப்பட்ட வரலாறு தலைப்பிலேயே நிழலாடுகிறது.

படத்தின் முற்பகுதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். விக்கஸ் என்னும் அதிகாரி, கையில் படிவங்களுடன், துப்பாக்கிக்காரர் சூழ, குடிசை குடிசையாகச் சென்று, வெளியேறச் சம்மதம் என்று கையொப்பம் கேட்கிறான். ஒருவன் தாளைத் தட்டிவிட, அந்தக் கீறலையே கையொப்பமாகக் கொள்கிறான்! சட்டம் ஏழையின் வாசலுக்கு எந்த முகத்தோடு வருகிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே. இப்படத்துக்கு மூலமான குறும்படத்தில், சிம்பாப்வே அகதிகளைப் பற்றித் தென்னாபிரிக்கர் உண்மையாகவே கூறிய வார்த்தைகளை வேற்றுக்கிரகத்தார் மீது கூறியவையாக இயக்குநர் பொருத்தியிருந்தார். கற்பனை யதார்த்தத்தைத் தொடும் இடம் அது.

பின் எங்கே பிழைத்தது?

முள்ளிவாய்க்காலில், நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில், மடிகணினியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மொழி விளங்காவிட்டாலும் அவருடைய தாயாரும் அருகே அமர்ந்திருந்தார். பாதிப் படத்தில், “உந்தச் சனத்துக்குள்ளை ஒரு பள்ளிக்கூடமும் இல்லையோ தம்பி?” என்று கேட்டார். எந்த விமர்சகரும் எனக்கு இவ்வளவு தெளிவாக வழிகாட்டியதில்லை.

படத்தில் பள்ளிக்கூடம் இல்லை. கூட்டமாக உட்கார்ந்து பேசும் ஒரு மரநிழலும் இல்லை. பூனைக்குப் போடும் பேணி உணவுக்கு அடிபடும் கும்பலே உண்டு. காரணத்தையும் படமே கூறுகிறது: கப்பலில் வந்தோர் வெறும் தொழிலாளர், அவர்களுடைய தலைமை அழிந்துவிட்டது, தாமாகச் சிந்திக்கும் திறன் அவர்களுக்கில்லை, கட்டளையிட்டால் செய்வார்கள். இதை ஒரு நிபுணர் வாயிலாகச் சொல்லிவிட்டு, மறுக்காமலே படம் நகர்ந்துவிடுகிறது. அறிவு வாய்த்தவர்கள் கிறிஸ்தோபர் என்னும் ஒருவனும் அவன் சிறுமகனும் மட்டுமே. நம் இரக்கத்தையும் படம் முகாமில் உள்ளோருக்காகக் கேட்கவில்லை. உடல் மாறி அவர்களில் ஒருவனாகிவிட்ட அதிகாரிக்காகவே கேட்கிறது. அதன்பின் எஞ்சுவது துப்பாக்கிச் சண்டை. (நைஜீரியரை நரமாமிசம் உண்ணும் கொள்ளைக் கூட்டமாகக் காட்டியதற்காக அந்நாட்டரசு 2009 செப்டெம்பரில் படத்தைத் தடைசெய்தது. தடையை நான் ஆதரிப்பவனல்லன். அவர்களுடைய கோபம் நியாயமானது.)

தொழிலாளி தலைமையின்றிச் சிந்திக்கமாட்டான் என்பது எந்த வர்க்கத்தின் கருத்து என்று ஆசிரிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படம் வெளிவந்தது 2009 ஆகஸ்டில். அதே ஆகஸ்டில், செட்டிகுளம் மெனிக்பாமில், முட்கம்பிக்குள் 200,000க்கும் மேற்பட்ட வன்னி மக்கள் இருந்தனர். முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெயரிட்டிருந்தார்கள். படத்து வேற்றுக்கிரகவாசிக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியது போல. அந்தத் தறப்பாள் கூடாரங்களிலிருந்து எழுந்து சென்று, அம்மாதமே, முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள் மாணவர்கள். புத்தகத்தை இழந்தவனுக்கு நினைவில் உள்ளதைச் சொல்லிக் கொடுத்தவர்களும் அகதிகளான ஆசிரியர்களே. ஒரு கற்பனைக் கலைஞனுக்கு இதைவிட வியப்பான காட்சி எந்தக் கிரகத்தில் கிடைக்கும்?

படத்தின் முடிவில் கிறிஸ்தோபர் கப்பலேறிப் போய்விடுகிறான். மற்றவர்கள் புதிய முகாமுக்கு மாற்றப்பட்டதை ஓரிரு வாக்கியங்களில் அறிவித்துவிடுகிறார்கள். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் மூடப்பட்டபோது, கேப்பாப்புலவு மக்களும் தம் சொந்த ஊருக்கு அனுப்பப்படவில்லை. ஊரில் இராணுவம் இருந்தது. அவர்களைச் சீனியாமோட்டையில் இறக்கிவிட்டார்கள். 2017 ஜனவரி முடிவில், அவ்வூரின் பிலக்குடியிருப்பு மக்கள், பெண்கள் முன்னிற்க, விமானப்படை முகாமின் வாசலில் அமர்ந்தார்கள். குழந்தைகளோடு இரவும் பகலும் தெருவோரத்திலேயே இருந்தார்கள். ஒரு மாதம் கழிந்து, மார்ச் முதலாந் திகதி, தம் காணிகளுக்குள் நடந்து சென்றார்கள்.