தீட்டும் கல்லும், தீட்டு என்ற சொல்லும்

தீட்டு! நம் மொழியில் இச்சொல்லுக்கு இரு முகங்கள். கத்தியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கு என்பது ஒன்று. தொடாதே, விலகி நில், தொட்டால் தலைமுழுகு என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தனவா, வேறு வேறா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லோர் முடிவு செய்யட்டும். நாம் அறிந்தது ஒன்றே. கத்தியைத் தீட்டத் தெரிந்தவனைத்தான் இந்நாடு தீட்டு என்றது. காலையில் கன்னத்தைத் தொட்ட கைக்கு, நண்பகலில் திண்ணையில் இடமில்லை. முகத்தைத் தூய்மையாக்கியவன் தூய்மையற்றவனாம்! எவ்வளவு நுட்பமான ஆராய்ச்சி!

இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டாண்டுகளாக நாம் பழைய மடக்குக் கத்தியால்தான் முகம் மழித்து வருகிறோம். கத்தியைத் தீட்டக் கற்றது, எம் ஊரில் ஐம்பதாண்டுகள் முடிதிருத்திய முதியவர் ஒருவரிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, இதைக் காட்டுங்கள்" என்று கேட்டுக் கேட்டுக் கற்றோம். முதல் நாள் அந்த 'ஐயா' அவரைக் கூச வைத்தது. சிறு பிள்ளைகளும் 'டா' போட்டு அழைத்த காலத்தில் தொழில் செய்தவர் அல்லவா!

மழிப்புக் கத்தியின் அமைப்பைப் பாருங்கள், தோழர்களே! முதுகு தடித்து, வாய் மெலிந்து, இருபுறமும் உட்குழிந்திருக்கும். கல்மீது படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று கை தடுமாற வேண்டியதில்லை. கோணத்தை முதுகே வகுத்துத் தருகிறது. அரிவாளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கல்லிடம் நாம் கேட்கவேண்டிய முதல் தகுதி சமதளம். நடுவில் குழிந்த கல், ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி வாங்கியதாயினும், கத்தியின் வாயைக் கெடுக்கும். சோதிப்பது எளிது. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நீர் தாங்கும் உப்புத்தாளை விரித்து, நீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். எங்கே கோடு அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். கோடெல்லாம் அழியும் வரை தேய்த்தால் கல் சமமாகிவிடும்.

இரண்டாவது தகுதி மணியின் அளவு. கல்லின் எண் உயர உயர மணி நுண்ணிதாகும். 1000 எண் கல்லின் மணி ஏறக்குறைய 15 மைக்ரான். 8000 எண் கல்லில் அது ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரான். மனிதனின் தலைமயிரோ 50 முதல் 100 மைக்ரான் பருமன் உடையது. மழுங்கிய கத்திக்கு 1000 எண் கல்லில் சரிவு அமைத்து, 4000-இல் கீறல்களைத் தணித்து, 8000-இல் மெருகேற்றினால் போதும். 12000 எண் கல் வைத்திருப்போர் உளர். இருந்தால் நன்று, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. பெரியவர் அழுத்திச் சொன்னது, 1000 எண் கல்லை விட்டு அவசரப்பட்டு எழாதே என்பதைத்தான். இரு சரிவுகளும் வாயின் முழு நீளத்துக்கும் ஒன்றையொன்று சந்திக்காத கத்தியை நுண்கல்லில் நாளெல்லாம் தேய்த்தாலும் அது பளபளக்குமே தவிர மழிக்காது. இரும்புக் கடையில் கிடைக்கும் இருபுறக் கல் உளிக்கும் அரிவாளுக்கும் உரியது. அதில் இக்கத்தியை வைக்காதீர். தெருவில் வரும் சாணைச் சக்கரத்திலும் கொடுக்காதீர். பொறி பறக்கும் சூட்டில் மெல்லிய வாயின் பதம் இறங்கிவிடும். பிறகு எந்தக் கல்லாலும் அதை மீட்க முடியாது.

கல்லைப் பற்றிய கட்டுக்கதைகளுக்கும் குறைவில்லை. பெல்ஜிய நாட்டு ஆர்டென் மலையில் வெட்டும் மஞ்சள் கல், அமெரிக்காவின் ஆர்க்கன்சா கல், சப்பானின் கியோட்டோவை அடுத்த குன்றுகளின் கல் ஆகிய மூன்றுக்கும் பக்தர்கள் உண்டு. நல்ல கற்கள்தாம். பெல்ஜியக் கல்லில் வேலை செய்வது நுண்ணிய கார்னெட் மணிகள். ஆர்க்கன்சா கல் ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா. ஆனால் தரையில் கிடைத்த கல்லுக்குத் தெய்வீகம், ஆலையில் செய்த அலுமினிய ஆக்சைடு கல்லுக்கு இழிவு என்பது என்ன நியாயம்? கடினத்தில் அலுமினிய ஆக்சைடு மோ அளவையில் 9. கார்னெட்டும் சிலிக்காவும் ஏறக்குறைய 7. பிறப்பிடம் பார்த்து மதிப்புச் சொல்லும் நோய் கல்லையும் விடவில்லை போலும்! புதிதாகத் தொடங்குவோர், மணி சீராக அமைந்த செயற்கைக் கல்லையே வாங்குக.

நம்மவருக்கும் ஒரு பழம்பெருமை உண்டு. தென்னாட்டு உருக்கை ஆராய்ந்து சார்ச்சு பியர்சன் 1795-இல் இலண்டன் அரசவைக் கழக இதழில் எழுதினார். மைக்கேல் பாரடே அதன் இரகசியத்தைத் தேடினார். தேடலின் வழியில் தாம் உருவாக்கிய கலப்பு உருக்கில் மழிப்புக் கத்திகள் செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். பெருமைதான். ஆயினும் பெரியவரின் பையில் இருந்த கத்தியில் பொறித்திருந்தது செருமனியின் சோலிங்கன் ஊர்ப்பெயர். உருக்கிய கையையும் தீட்டிய கையையும் இழிவென்று ஒதுக்கிய நாட்டில் வேறென்ன நிகழும்?

இனி வார். "கல்லு கத்தியைத் தேய்க்கும் தம்பி, வாரு கத்தியை நேராக்கும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க" என்றார் அவர். அகலம் மூன்று அங்குலம் இருந்தால் கத்தியின் முழு நீளமும் படியும். தோல் வழவழப்பாக, வெட்டுக் காயமின்றி இருக்க வேண்டும். முன்னே செல்வது முதுகு, பின்னே வருவது வாய். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். மாறிச் சென்றால் வாரே அறுபடும். வாரைத் தொய்ய விடாதீர். தொய்ந்தால் வாய் உருண்டு போகும். முதலில் துணிப்பட்டையில் இருபது தடவை, பிறகு தோலில் நாற்பது. குரோமிய ஆக்சைடு என்ற பச்சைப் பசை பூசுவதானால் அதற்கு வேறொரு பட்டை வைத்துக்கொள்க.

உருக்கைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மெத்தென்ற மயிர், உருக்கை எப்படி மழுக்குகிறது? 2020-இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் விடை தந்தனர். வாய் வெறுமனே தேய்வதில்லை. உருக்கின் உள்ளமைப்பு சீரற்ற இடத்தில், மயிர் சாய்வாக மோதும்போது, நுண்சில்லுகளாகப் பெயர்கிறது. பெயர்ந்த சில்லை வார் ஒட்ட வைக்காது. அதற்குக் கல்தான் வேண்டும். பெரியவரின் ஒரு வரிக்குப் பின்னே இருந்த அறிவியல் இதுவே. அவர் அதைப் படிப்பு என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல அவரை யாரும் விட்டதுமில்லை.

மேல்நாட்டிலும் மூடநம்பிக்கை உண்டு என்பதற்கு ஒரு சான்று. அட்டைக் கூம்பகத்துக்குள் வைத்தால் மழிப்பு அலகு தானே கூராகும் என்று பிராகு நகரத்துப் பொறியாளர் கரேல் திர்பல் 1949-இல் காப்புரிமை கேட்டார். 1959-இல் கிடைத்தும் விட்டது! அரசு முத்திரை விழுந்தால் பொய் மெய்யாகுமா? ஒரே பொதியின் இரண்டு அலகுகளை எடுங்கள். ஒன்றைக் கூம்பகத்திலும் மற்றொன்றைத் தீப்பெட்டியிலும் வையுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நண்பர் எடுத்துத் தரட்டும்; ஒரு திங்கள் மழித்துக் குறித்து வாருங்கள். செவ்வாய், வெள்ளி பார்த்து மழிக்கும் நம்மூர் அன்பர்களும் இம்முறையில் தம் கிழமைகளைச் சோதிக்கலாம்.

பெரியவரின் பையில் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று ஊருக்கு, மற்றொன்று தம் வீட்டாருக்கு. "சேரிக்கு?" என்று கேட்டோம். நெடுநேரம் பேசவில்லை. "இல்ல தம்பி. வச்சா களத்து நெல்லு நின்னுரும். நெல்லுக்குப் பயந்தோம். செஞ்சது செஞ்சதுதான்" என்றார். இரண்டு கத்தியும் ஒரே கல்லில் தீட்டப்பட்டவை. இழிவு சுமத்தப்பட்டவரையே கொண்டு இன்னொருவருக்கு இழிவு செய்விக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் சாதி! 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. இன்றும் ஆதிதிராவிடத் தோழர்களுக்கு முடிதிருத்த மறுத்த கடைகளைப் பற்றிச் செய்தி வருகிறது. பெரியவரின் பேரன் எம் வகுப்பு மாணவன். தாத்தாவின் தொழிலைச் சொல்ல அவன் தயங்குகிறான். அவன் அத்தொழிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவுக்கு அவன் வெட்கப்பட வேண்டுமா? மணியளவுப் பாடத்தை இவ்வாண்டு அந்தக் கற்களைக் கொண்டே நடத்தினோம். மைக்ரான் கணக்கை முதலில் முடித்தவன் அவன்தான்.

வாங்க விரும்புவோர் 1000, 4000, 8000 எண் கற்களும், துணியோடு சேர்ந்த தோல்வார் ஒன்றும் வாங்கினால் போதும். தீட்டிய கத்தி ஒருவருக்கே உரியதாக இருக்கட்டும்; மஞ்சள் காமாலை நச்சுயிரிகளும் எச்.ஐ.வி.யும் குருதி வழியே பரவும். அதனால்தான் கடைகளில் ஆளுக்கொரு புது அலகு. மழித்தபின் கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாயில் ஒரு துளி எண்ணெய் தடவி மடியுங்கள். மழைக்காலத்தில் இரண்டு துளி.