ஆப்னி பார்க்: கல்லறைகள் நடுவே ஒரு வனம்

லண்டன் மாநகரின் வடபாகத்தில், ஸ்டோக் நியூவிங்டன் கடைத்தெருவின் பஸ் இரைச்சலுக்கும் ஜனநெரிசலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தவன், புராதன எகிப்து தேசத்துக் கோயில் வாயிலைப் போன்ற பருத்த கல் தூண்களைக் கண்டு திகைத்து நின்றேன். மனிதனின் அழியும் பாகம் வாசம் செய்யும் இல்லத்துக்கு இதுவே வாயில் என்று, அந்நாட்டுச் சித்திர எழுத்துகளில் அங்கே பொறித்திருக்கிறார்கள்.

ஏறத்தாழ 2 லட்சம் பேர் துயிலும் ஆப்னி பார்க் மயானம் அது, 1840-இல் திறக்கப்பட்டது. அரசாங்கத் திருச்சபைக்கு உட்படாமல் தம் மனச்சாட்சியின்படி தெய்வத்தைத் தொழுதவர்கள், எந்தப் பிஷப்பும் பிரதிஷ்டை செய்யாத மண்ணில், எச்சபையாரும் பேதமின்றி அடங்க வேண்டும் என்று ஸ்தாபித்த இடம். ஞானப்பாட்டுகளை இயற்றிய ஐசக் வாட்ஸ் இங்கே முன்பு இருந்த மனையில்தான் ஆப்னி குடும்பத்தாரின் விருந்தினராகப் பல்லாண்டுகள் வசித்து 1748-இல் காலமானார். இங்குள்ள அவருடைய சிலையை வடித்த பெய்லி, டிரபால்கர் சதுக்கத்துத் தூணின் உச்சியில் நிற்கும் நெல்சனையும் வடித்த சிற்பி.

ஆயினும் என் நெஞ்சை நிறைத்தவை விருட்சங்களே. ஹாக்னியில் பேர்போன நாற்றுப்பண்ணை நடத்திய லாடிஜஸ் குடும்பத்தார், சுமார் 2,500 வகை மரஞ்செடிகளை, ஏஸர் என்னும் மேப்பிளில் தொடங்கி ஸாந்தோக்ஸைலம் ஈறாக, ஆங்கில அகரவரிசைப்படி எல்லையோரமாக நட்டு, இறந்தோரைக் காண வருபவர்கள் தாவர சாஸ்திரமும் கற்றுப் போகும்படி செய்தார்கள். அந்தப் பசிய அகராதி சிதைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தந்தான். 1970-களில் மயானத்தை நடத்திவந்த கம்பெனி நொடித்துப் போகவே, கவனிப்பாரற்ற பூமியில் சைக்கமோரும் ஆஷும் காற்றில் வந்த விதைகளிலிருந்து தாமே முளைத்து, வேர்களால் கற்களைப் பெயர்த்து, முப்பது ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பை வனமாக்கிவிட்டன. 1993-இல் அது இயற்கைக் காப்பகமாயிற்று. பட்டுப்போன மரத்தையும் இப்போது அவசரப்பட்டு அப்புறப்படுத்துவதில்லை. அதன் உளுத்த உடலில் காளானும் வண்டும் பிழைக்கின்றன, அந்த வண்டுகளைத் தேடி மரங்கொத்தி வருகிறது.

ஒலாடா எக்வியானோ அடிமையாக விற்கப்பட்டு, தன் உழைப்பால் விடுதலையை விலை கொடுத்து வாங்கித் தன் சரிதத்தையும் எழுதியவர். அவர் மகள் ஜொவானா இங்கே அடங்கியிருக்கிறாள். இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேத்தரினும் உறங்குவதும் இங்கேதான். நாகர்கோவில் பக்கத்து ஜனங்கள் பிரசவத்துக்கும் பிணிக்கும் நாடிய ஆஸ்பத்திரிக்குப் பெயராக மட்டும் நான் அறிந்திருந்த அந்த அம்மையார், இத்தனை கடல் கடந்து வந்த பிறகு ஒரு கல்லின் கீழ் எதிர்ப்பட்டபோது, சொந்த ஊரில் ஒரு மூதாட்டியின் சமாதி முன் நிற்பது போலவே என் கைகள் குவிந்தன.

திரும்பும் வழியில், சாய்ந்து கிடந்த ஒரு கல்லின் மேல் படர்ந்த ஐவிக் கொடியை விலக்கிப் பார்த்தேன். ஒரு குழந்தையின் பெயர், வயது நான்கு. படித்தபின் கொடியைப் பழையபடி இழுத்து மூடினேன்.