ரெண்டு ஸ்பீடு போதும்

கிரேடியஸ் என்ற பெயரே கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். டோல்கேட்டில் அது 'ஃபிளைட் கேம்'. மெஷினுக்கு டிவி கேம் என்று பெயர், அதில் செருகுவது கேசட். 9999 இன் 1 என்று லேபிள் ஒட்டிய கேசட்டில் கிரேடியஸ் இருக்காது. அதில் இருபது முப்பது சின்ன ஆட்டங்களே பெயர் மாற்றிப் பெயர் மாற்றித் திரும்ப வரும். கிரேடியஸ் 64 கிலோபைட், அந்தக் காலக் கணக்கில் குண்டு ஆசாமி. நாலு ஆட்டம் மட்டும் உள்ள கேசட்டில் தனியாக வரும். டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில் ஒருத்தர் வீட்டு முன்னறையில் ரெண்டு டிவி வைத்து வாடகைக்கு விட்டார். அரை மணிக்கு மூணு ரூபாய். அந்தக் கேசட் அவரிடம் இருந்தது.

கோனாமி நிறுவனம் 1985இல் ஆர்கேடுக்காகச் செய்த ஆட்டம் இது. 1986இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு வந்தது. எங்கள் கைக்கு வந்தது ஃபேமிகாமின் நகல். திரை தானாக நகர்ந்துகொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. விக் வைப்பர் என்ற சின்ன விமானம். சில எதிரிகளைச் சுட்டால் காப்ஸ்யூல் விழும். ஒரு காப்ஸ்யூல் எடுத்தால் கீழே இருக்கும் பட்டையில் ஒரு கட்டம் நகரும். முதலில் ஸ்பீடு, பிறகு மிஸைல், டபுள், லேசர், ஆப்ஷன், கடைசியில் கேள்விக்குறி. கிடைத்ததை உடனே வாங்கிக்கொள்ளலாம், பொறுத்திருந்து பெரிதாகவும் வாங்கலாம். பொறுத்திருக்கும்போது ஒரு குண்டு பட்டால் போச்சு.

என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன்தான் அந்தத் தெருவின் ஆட்டக்காரன். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். "ரெண்டு ஸ்பீடு போதும்டா. அதுக்கு மேல எடுத்தா நீயே போயி செவுத்துல முட்டிக்குவ" என்பான். உண்மைதான். பேராசைக்காரப் பையன்கள் எல்லாம் எதிரி கையால் செத்ததில்லை, சொந்த வேகத்தில்தான் செத்தார்கள்.

கிரேடியஸின் கொடூரம் சாவதில் இல்லை, செத்த பிறகு நடப்பதில் இருக்கிறது. சேர்த்த எல்லாம் போய்விடும். கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், வெறும் விமானத்தோடு, ஆமை வேகத்தில் விடுவார்கள். எதிரே வருவதோ அதே படை. மூன்றாவது கட்டத்தில் ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகள் வாயைத் திறந்து வளையம் வளையமாகத் துப்பும். நாங்கள் அதைப் பொம்மைத் தலை என்போம். அங்கே செத்தவர்கள் பேடைக் கீழே வைத்துவிடுவார்கள், உயிர் இன்னும் ரெண்டு இருந்தாலும். அண்ணன் வைக்க மாட்டான். முதல் காப்ஸ்யூல் வரும்வரை சுடுவதைக்கூட மறந்து, தலைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போவான். கடைக்காரர் அரை மணி முடிந்தும் வாட்சைப் பார்க்காமல் நின்றிருக்கிறார்.

சில சமயம் எதிரிகள் மினுக் மினுக்கென்று மறைவார்கள். டிவி மண்டையில் ரெண்டு தட்டு தட்டுவோம். டிவி மேல் குற்றமே இல்லை. ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் வரைய அந்தச் சிப்பால் முடியாது. அதனால் ஒரு ஃபிரேமில் சிலதை விட்டுவிட்டு அடுத்த ஃபிரேமில் வேறு சிலதை விடும். இதை எங்கோ படித்தபோது அந்த டிவியிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

1999இல் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு. திறக்கும் திறக்கும் என்று ஒரு வருஷம் போனது. பிளஸ் டூ முடித்திருந்த அண்ணன் கன்டெய்னர் லாரியில் கிளீனராக ஏறினான். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரைலர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு பக்கம் கடல் அரிப்புக்குக் கொட்டிய பாறாங்கல், இன்னொரு பக்கம் வண்டிகள். சில நாள் வரிசை ஒரு ராத்திரி முழுக்க அசையாது. நான் சைக்கிளில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு வண்டி நம்பர் பார்த்துத் தேடிப் போவேன். வண்டிக்கு அடியில் அட்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். "படிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு லைசென்ஸ் எடுத்து அவனே ஓட்ட ஆரம்பித்தான். என் இன்ஜினியரிங் ஃபீஸில் பாதிக்கு மேல் அந்த ரோட்டிலிருந்து வந்தது.

ஆப்ஷன் பற்றிச் சொல்ல வேண்டும். விமானத்துக்குப் பின்னால் வரும் ஒளி உருண்டை அது. குண்டு அதை ஒன்றும் செய்யாது. விமானம் சுட்டால் அதுவும் சுடும். விமானம் போன அதே தடத்தில் கொஞ்சம் தாமதமாகப் போகும், விமானம் நின்றால் நின்றுவிடும். உள்ளே நடப்பது எளிய வேலை: விமானம் கடந்த இடங்களை ஒரு வரிசையாகச் சேமித்து, சில ஃபிரேம் பழையதை எடுத்து உருண்டையை அங்கே வரைவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நானே நிரலாக எழுதிப் பார்த்தேன். முப்பது வரிகூட வரவில்லை. ஓடவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் "இன்னாடா, குடிச்சிருக்கியா?" என்பான்.

போன வருஷம் அவன் வீட்டு டிவியில் எமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தேன். முதல் கட்டத்து எரிமலையிலேயே மூணு உயிரும் போனது. "இது அது இல்லடா. ரொம்ப ஓடுது" என்றான். வயசாகிவிட்டது என்று அண்ணி சிரித்தார். அவன் சொன்னதுதான் சரி. ஜப்பானில் அந்த மெஷின் வினாடிக்கு 60 ஃபிரேம். நம் ஊர் டிவிக்கு 50 என்பதால் இங்கே வந்த நகல்களும் 50இல் ஓடின. ஆறில் ஒரு பங்கு மெதுவான கிரேடியஸைத்தான் டோல்கேட் ஆடியிருக்கிறது. அவன் விரல்கள் அந்த 50ஐ இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தன. மாற்றிக் கொடுத்ததும் பொம்மைத் தலை வரை போனான்.

அங்கே செத்ததும் அந்தச் சூட்சுமத்தைச் சொன்னேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ அழுத்தினால் பெரும்பாலான ஆயுதங்கள் வந்துவிடும். ஃபேமிகாம் கிரேடியஸைச் செய்தவர்களில் ஒருவரான கசுஹிசா ஹாஷிமோட்டோ, தன்னால் ஆடி முடிக்க முடியாமல் சோதனைக்காக வைத்தது. 2020இல் இறந்துபோனார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒருத்தனுக்கும் இது தெரியாது.

வேண்டாம், நேராக ஆடுகிறேன் என்பான் என்று எதிர்பார்த்தேன்.

"செஞ்ச ஆளாலயே முடியலையா? குடு இங்க" என்று வாங்கி அழுத்தினான். விமானத்துக்குப் பின்னால் ரெண்டு உருண்டைகள் வந்து நின்றன. "எல்லாத்தையும் கையில வச்சிக்கினே ஆரம்பிக்கிறவன் இருக்கான்ல, அவன் எப்படித்தான் ஆடுவான்னு பாப்போம்."

பாதியில் போன் வந்தது. ஜீரோ கேட் பக்கம் வரிசை நகர ஆரம்பித்துவிட்டதாம். பேடை என் மடியில் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினான். படியிறங்கும்போது, "ஸ்பீடு ரெண்டுதான் எடுத்திருக்கேன், அப்படியே ஓட்டு" என்றான்.